‘எல்லாம் நார்மல்தான்!’

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவையில் கேட்டபோது, தன்னம்பிக்கையைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ‘எழு, நிமிர், நட’ என்று நாலு பக்கம் எழுதுவது எளிது. ஆனால் போன வருடம் முழுவதும் எனக்கு இருந்த கவலை வாழ்க்கையில் நிமிர்வதைப் பற்றியது அல்ல. லேபில் பத்து நிமிடம் விழாமல் நிற்பதைப் பற்றியது! ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். ‘இவ தன் கதையைச் சொல்லி அனுதாபம் தேடுறா’ என்று நினைத்துவிடாதீர்கள். என் கதை இதில் கொஞ்சம்தான். நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் தினமும் நடக்கிற ஒரு தவற்றைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

அந்தத் தவறு ஒரே ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. ‘நார்மல்’!

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்துக் கிடந்து எழுந்தேன். காய்ச்சல் போய்விட்டது; ஆனால் நான் பழையபடி ஆகவில்லை. காலையில் பாயைவிட்டு எழுந்தால் கண் இருட்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வயிற்றைப் புரட்டும். மெஷின்ஸ் லேபில் பேனல் போர்டு முன்னால் நிற்கும்போது, அம்மீட்டரின் முள் தெரியும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்பது மூளைக்கு எட்டாது. ஒரு நாள் அங்கேயே சரிந்தேன். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பின்னால் நின்ற தோழி மட்டும் பிடித்திராவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

தூக்கிக்கொண்டு போனார்கள். பெஞ்சில் படுக்க வைத்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அரை மணி நேரத்தில் ஒரு மருத்துவமனை. அங்கும் கட்டில்தான். பி.பி. 110/70. நாடித் துடிப்பு 76. உடல் வெப்பம் 98.4. விரலில் கிளிப்பை மாட்டினார்கள், ஆக்சிஜன் 99.

“எல்லாம் நார்மல்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அடுத்த ஐந்து மாதங்களில் இந்த வாக்கியத்தை நான்கு இடங்களில் கேட்டேன். ஈ.சி.ஜி. நார்மல். ரத்தத்தில் சர்க்கரை நார்மல். ஹீமோகுளோபின் நார்மல். தைராய்டும் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் ஒரு பில்! ஒவ்வொரு பில்லுக்கும் அம்மாவின் ஒரு நாள் உப்பளக் கூலி.

“ஏட்டி, எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொல்லுதாவ. பெறவு ஏன் இப்படிக் கெடக்க?” என்று அம்மா கேட்கும். என்ன பதில் சொல்ல? எனக்கே தெரியாதே! வகுப்பில் ‘ஆக்டிங்’ என்று ஒரு பட்டப்பெயர் வந்து சேர்ந்தது. “செமஸ்டர் பயம்மா, வேற ஒண்ணுமில்ல” என்று ஒருவர் அறிவுரை சொன்னார். “சாப்பிடாம டயட் இருந்தா இப்படித்தான்” என்றார் இன்னொருவர். வருகைப் பதிவு குறைந்துகொண்டே போனது. கடைசியில், எது வரக்கூடாது என்று நினைத்தேனோ அந்தப் பேச்சு வீட்டிலேயே வந்துவிட்டது. “பிள்ளைக்குப் படிப்பு ஒத்துக்கல போல. இதோட நிப்பாட்டிருவோமா?”

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ‘நார்மல்’ என்று எழுதிய நான்கு துண்டுச் சீட்டுகள் என் டிப்ளமோவை நிறுத்திவிடப் பார்த்தன, நண்பர்களே! வியாதி என்று எழுதியிருந்தால் வைத்தியம் பார்த்திருப்பார்கள். ஒன்றுமில்லை என்று எழுதியதால், என் குணத்தில்தான் கோளாறு என்று ஆகிவிட்டது.

லோடு போட்டுப் பார்

இந்த இடத்தில் நம் பாடத்துக்குள் கொஞ்சம் வருவோம்.

ஒரு லாரி பேட்டரி. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறோம். 12.6 வோல்ட் காட்டுகிறது. ‘பேட்டரி நல்லாத்தான் இருக்கு’ என்று முதலாமாண்டு மாணவன் சொல்லிவிடுவான். ஆனால் சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்டை இழுக்கும் அந்த நொடியில் வோல்டேஜ் எட்டுக்கோ ஏழுக்கோ சரிந்துவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. லோடு இல்லாதபோது என்ன இருந்ததோ அதைத்தான் சொன்னது. நாம்தான் தவறான நேரத்தில் கேள்வி கேட்டோம்.

மோட்டாருக்கு நோ-லோடு டெஸ்ட் என்று ஒன்றும், லோடு டெஸ்ட் என்று ஒன்றும் நமக்கு எதற்காகச் சொல்லித் தருகிறார்கள்? சும்மா சுற்றும்போது நன்றாக இருப்பது வேறு, சுமையோடு சுற்றும்போது தாக்குப்பிடிப்பது வேறு என்பதற்காகத்தானே! என் அப்பா துறைமுகத்தில் லோடுமேன். லோடு என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உடம்புக்கும் ஒரு லோடு டெஸ்ட் உண்டு என்பது எங்கள் யாருக்கும் தெரியாமல் போனது.

மனித உடம்புக்கு மிகச் சாதாரணமான லோடு எது தெரியுமா? எழுந்து நிற்பது!

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. புவியீர்ப்பு யாரையும் விடாது அல்லவா? அந்த நொடியில் கழுத்து நாளத்திலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாளத்திலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை, ரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்கிறது. இதயத்தைக் கொஞ்சம் வேகமாகத் துடிக்கச் சொல்கிறது. நல்ல உடம்பில் துடிப்பு பத்து, இருபது கூடும், அவ்வளவுதான். நாம் யாரும் ‘துடி’ என்று இதயத்துக்குக் கட்டளையிடுவதில்லை. தானாக நடக்கிறது. நாம் லேபில் பார்க்கும் ஃபீட்பேக் கன்ட்ரோல் மாதிரி!

இந்த வேலையைச் செய்வதுதான் தன்னியக்க நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம், கண்பாவை சுருங்கி விரிவது எல்லாம் இதன் பொறுப்பு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த லாங்லி என்ற அறிஞர் 1898இல் இதற்கு ஆங்கிலத்தில் ‘அட்டானமிக்’ என்று பெயர் வைத்தார். இது தடுமாறும்போது வரும் கோளாறுகளுக்குப் பொதுப்பெயர் டிஸ்ஆட்டோனோமியா. அதில் பல வகை உண்டு. எனக்கு வந்திருப்பது ‘பாட்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லும் வகை. முழுப்பெயர், போஸ்டுரல் ஆர்த்தோஸ்டாடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். பயப்பட வேண்டாம், ‘நின்றால் இதயம் தறிகெட்டு ஓடும் நோய்’ என்பதுதான் அதன் சுருக்கம்.

பத்து நிமிடத்தில் தெரிந்தது

இதை எனக்குச் சொன்னவர் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா. அவர்கள் கருவி எதையும் முதலில் எடுக்கவில்லை. “எப்போ வருது? நிக்கும்போதா, உக்காந்திருக்கும்போதா? படுத்தா சரியாயிருதா?” என்று கேட்டார்கள். ஐந்து மாதத்தில் ‘எப்போது’ என்று என்னைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்!

பிறகு என்னைப் படுக்கச் சொன்னார்கள். அமைதியாகப் பத்து நிமிடம். நாடி 74, பி.பி. 110/70. அதன்பின் சுவரில் சாயாமல், பேசாமல், நிற்கச் சொன்னார்கள். பக்கத்தில் நர்ஸ் அக்கா பிடிப்பதற்குத் தயாராக நின்றார்கள். இரண்டாவது நிமிடம் 106. ஐந்தாவது நிமிடம் 117. பத்தாவது நிமிடம் 122. பி.பி. மட்டும் 108/74 என்று சமர்த்தாக அப்படியே இருந்தது. என் உள்ளங்கால் சிவந்து கறுத்திருந்தது. “போதும், படும்மா” என்றார்கள். படுத்த சிறிது நேரத்தில் மறுபடியும் எண்பதுக்குக் கீழே!

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் விழும்போதெல்லாம் எல்லோரும் நல்ல மனதோடு என்னைப் படுக்க வைத்தார்கள். படுத்ததும் நோய் ஒளிந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் கருவி வந்தது. லோடைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் என்ன காட்டும்? 12.6 வோல்ட்!

இந்த நோய்க்கு உள்ள அளவுகோலையும் சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடி, அப்படியே நிலைத்து நிற்க வேண்டும். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த வரம்பு 40. ரத்த அழுத்தம் பெரிதாக விழக்கூடாது. நிற்கும்போது தொல்லை வந்து, படுத்தால் குறைய வேண்டும். இது மூன்று மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, நீரிழப்பு, மருந்தின் பக்கவிளைவு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எனக்கு 48 கூடியிருந்தது. முன்பு எடுத்த ‘நார்மல்’ சோதனைகள் வீண் அல்ல என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற நோய்கள் இல்லை என்று காட்டியவை அவைதான். ஆனால் அவற்றோடு நிறுத்திவிட்டதுதான் தவறு.

நின்றதும் ரத்த அழுத்தமே சரிந்துவிடும் வகையும் உண்டு. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்த வகை. நீண்ட நாள் சர்க்கரை நோயில் தன்னியக்க நரம்புகள் பழுதுபட்டால் இப்படி ஆகலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர் என்று கணக்கிட்டது. ஆகவே ‘இது எவளோ ஒரு மாணவியின் அபூர்வ வியாதி’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு ஆச்சி கட்டிலைவிட்டு எழும்போது ‘கிறுகிறுன்னு வருதுய்யா’ என்று சொல்கிறார்களா? உட்கார வைத்து மட்டும் பி.பி. பார்த்துவிட்டு வராதீர்கள். நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

இது புது நோயா?

‘எங்க காலத்துல இப்படியெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையே’ என்பார்கள் பெரியவர்கள். கேள்விப்பட்டிருக்கிறார்கள், வேறு வேறு பெயர்களில்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடப்பு, மூச்சிரைப்பு, மயக்கம் என்று ஏராளமான சிப்பாய்கள் வந்தார்கள். பிலடெல்பியாவில் டா கோஸ்டா என்ற மருத்துவர் முந்நூறு பேருக்கு மேல் கவனித்து 1871இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். படுத்திருக்கும்போது ஒன்றாகவும் நிற்கும்போது வேறாகவும் அவர்கள் நாடி இருந்ததை அன்றே அவர் குறித்து வைத்தார். முதல் உலகப் போரிலும் இதே கதை. சிப்பாய் நடிக்கிறானா, கோழையா என்ற சந்தேகம் எழுந்தது. இங்கிலாந்தின் தாமஸ் லூயிஸ் இவர்களை ஆராய்ந்து 1918இல் ஒரு நூலே எழுதினார். அந்தச் சிப்பாய்கள் எல்லோருக்கும் இருந்தது பாட்ஸ்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எல்லோரும் நடிகர்கள் அல்ல என்பது நிச்சயம்.

1925இல் பிராட்பரி, எகிள்ஸ்டன் என்ற இருவர், நின்றால் மட்டும் ரத்த அழுத்தம் விழும் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1993இல்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷோன்டார்ஃப், லோ இருவரும் 16 நோயாளிகளை வைத்து ‘பாட்ஸ்’ என்ற பெயரோடு நோயை வரையறுத்தார்கள். டா கோஸ்டா நாடி பிடித்துப் பார்த்துக் குறித்ததற்கும், ஒரு பெயர் நிலைத்ததற்கும் இடையே நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல்! 2020க்குப் பிறகு, கொரோனா வந்து போனவர்களில் பலருக்கு இந்தத் தொல்லை தொடர்ந்ததால் உலகம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறது. கொரோனா மட்டுமல்ல, வேறு வைரஸ் காய்ச்சல்களுக்குப் பின்னாலும் இது வரலாம்.

இன்னொரு விஷயம். பாட்ஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பதினைந்து வயதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள். ‘பொம்பளப்பிள்ளைக்கு மயக்கம்’ என்றால் நம் ஊரில் முதலில் என்ன சந்தேகம் வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். அதுவும் நார்மல். அந்த நாளில் என் அப்பாவின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னைப்போல் இன்னொருத்தி இருந்தால் அவளுக்காக எழுதுகிறேன்.

கயிற்றைப் பிடித்தவர்

நம் ஊரின் பெயரே முத்துநகர். இன்று இங்கே சலாபம் இல்லை. கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு பார்களில் போதிய சிப்பி விளையவில்லை. ஆனால் அது நடந்த விதம் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. குளிப்பவர் கல்லில் காலை ஊன்றி ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சடக்கி ஏறக்குறைய ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார்.

முகம் தண்ணீரில் அமிழ்ந்து மூச்சும் அடங்கினால் இதயத் துடிப்பு தானாகக் குறையும். இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் சேமித்துக் கொடுக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. அதைச் செய்வதும் இதே தன்னியக்க நரம்பு மண்டலம்தான். பாட்ஸ் என்ற சொல்லைக் கேட்டறியாத நம் முன்னோர் அந்த நரம்பை நம்பித்தான் கடலில் குதித்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது கயிறு பிடித்தவரைப் பற்றி. கீழே இருப்பவரின் நாடியும் அவருக்குத் தெரியாது, பி.பி.யும் தெரியாது, முகம்கூடத் தெரியாது. அவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. கயிறு அசைகிறதா? அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். ‘இப்பத்தானே இறங்கினான், அதுக்குள்ள என்ன? நடிக்கிறானோ?’ என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கரையில் எத்தனை தாலி அறுந்திருக்கும்! கீழே இருப்பவன் சொல்வதுதான் மேலே இருப்பவனுக்கு ரீடிங். அதைவிடப் பெரிய கருவி அவர்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் கயிற்றை விட்டிருக்க மாட்டார்கள்.

கருவி நேற்று வந்தது. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் அமைத்தார். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு மேல் அளவு, கீழ் அளவு பார்க்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905இல் சொன்னார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரித்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். வரிசையைக் கவனியுங்கள். நோயாளிதான் முதலில்! கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே கருவிகளைப் படிக்கிறவள்தான். என் நோயைக் கடைசியில் நிரூபித்ததும் ஒரு கருவிதான். ஆனால் அதை எப்போது, எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவர்தான்.

உப்பு என்கிற மருந்து

இனி ஒரு வேடிக்கை. டாக்டரம்மா எனக்கு எழுதிக் கொடுத்த முதல் மருந்து என்ன தெரியுமா? தண்ணீரும் உப்பும்! தினமும் இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். சாப்பாட்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாக உப்பு. உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். ரத்தத்தின் அளவு கூடும். நின்றால் தலைக்கு எட்டும். கூடவே இறுக்கமான நீளக் காலுறை, எழும்போது படிப்படியாக எழுவது, நிற்கும்போது கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்துவது, படுத்தபடி செய்யும் உடற்பயிற்சியிலிருந்து மெதுவாகத் தொடங்குவது. இவை போதாதவர்களுக்கு மாத்திரைகளும் உண்டு.

அம்மா அன்று பஸ்ஸில் வரும்போது சிரித்தது. “நான் வாருத உப்புதான் ஒனக்கு மருந்தாட்டி? இதுக்கா இவ்வளவு அலைஞ்சோம்?” ஐந்து மாதத்தில் அது சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நண்பர்களே, இதைப் படித்துவிட்டு நீங்களாக உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள்! ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது விஷம். அம்மாவுக்கும் சில சமயம் தலை சுற்றும். ஆனால் அம்மாவின் மயக்கம் வேறு, என் மயக்கம் வேறு. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டி வேலை செய்தார்கள். நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தது. ஆக, ஒரே வீட்டில் ஒருத்திக்கு மருந்தாகும் உப்பு இன்னொருத்திக்கு ஆகாமல் போகலாம். அவர்களையும் மாலையில் நிழலில் உட்கார வைத்துப் பார்த்தால் எல்லாம் நார்மலாகத்தான் தெரியும். வெயிலில், வேலையில் வைத்துப் பார்த்ததால்தான் இந்த உண்மை வெளியே வந்தது. அங்கேயும் அதே பாடம். லோடு போட்டுப் பார்!

‘அப்போ யார் வேணும்னாலும் நடிக்கலாமே?’

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். லேபுக்கு மட்டம் போட ‘எனக்கும் பாட்ஸ்’ என்று நாலு பேர் கிளம்ப மாட்டார்களா? கிளம்பட்டும்! ஒரு கடிகாரம், ஒரு பி.பி. கருவி, இருபது நிமிடம். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தால் தெரிந்துவிடும். முகத்தைக் கோணலாக வைத்துக்கொள்ளலாம். நாடித் துடிப்பைப் பத்து நிமிடம் 122இல் நிறுத்தி வைத்து யாராலும் நடிக்க முடியாது. அதிலும் தெளிவாகவில்லை என்றால் மேசையோடு சேர்த்து நோயாளியைச் சாய்த்து நிமிர்த்திப் பார்க்கும் டில்ட் டேபிள் சோதனை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் டெல்லி எய்ம்ஸிலும் தன்னியக்க நரம்புகளைச் சோதிப்பதற்கென்றே ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன.

மருத்துவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு இருபது நிமிடம் ஒதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘இப்போது பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்லலாமே! முதல் வாக்கியம் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது வாக்கியம் கதவைத் திறந்து வைக்கிறது. இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான்.

நம் கல்லூரிக்குள் நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவதாக, ஒவ்வொரு லேபிலும் ஒர்க்ஷாப்பிலும் ஒரு ஸ்டூல் இருக்கட்டும். முடியாதவர் உட்கார்ந்து ரீடிங் எடுத்தால் ரீடிங் மாறிவிடாது. இரண்டாவதாக, ஒருவர் மயங்கினால் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அதுதான் சரியான முதலுதவி. ஆனால் மருத்துவரிடம் போகும்போது, ‘நின்னுக்கிட்டு இருந்தா, இத்தனை நிமிஷத்துல விழுந்தா’ என்று கூடப் போகிறவர் சொல்ல வேண்டும். விழுந்தவளுக்கு அது நினைவிருக்காது. மூன்றாவதாக, நெஞ்சுவலியோடு வரும் மயக்கம், ஓடும்போதோ விளையாடும்போதோ வரும் மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருப்பது போன்றவை இருந்தால் அது இதயக் கோளாறாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் காட்ட வேண்டும். நான்காவதாக, நோய் உள்ளவர்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தோம், எப்போது விட்டது. அப்சர்வேஷன் நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இதைவிட எளிதான ரெக்கார்டு உண்டா?

ஐந்தாவது, தயவுசெய்து பட்டப்பெயர் வைக்காதீர்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எல்லாம் தனக்கு வந்துதான் தெரிய வேண்டுமா என்ன? கேட்டாலும் தெரியுமே!

என் நிலை இப்போது எப்படி என்று கேட்பீர்கள். முழுதாகக் குணமாகிவிட்டது என்று கதை முடிக்க ஆசைதான். ஆனால் அது உண்மையில்லை. வெயில் நாட்களில் இன்னும் கஷ்டம்தான். சில காலையில் எழுந்து கட்டிலில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்கிறேன். இளவயதினரில் பலருக்கு வருடங்கள் போகப் போகக் குறையும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். லேபில் ஒரு ஸ்டூல் கிடைத்திருக்கிறது. அரியர் இல்லாமல் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டேன். நிப்பாட்டிருவோமா என்ற பேச்சு வீட்டில் நின்றுவிட்டது. ‘ஆக்டிங்’ என்று கூப்பிட்டவர்களில் ஒருத்திதான் இப்போது என் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து தருகிறாள். அவளுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடைசி வரிகள்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஆலைகளிலும் மீட்டர்கள் முன்னால் உட்காரப் போகிறோம். முள் பச்சையில் நிற்கும். ஆனால் பக்கத்தில் வேலை செய்கிற தொழிலாளி ‘சார், மெஷின் சத்தம் சரியில்ல’ என்று வந்து சொல்வார். அப்போது மீட்டரைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். எழுந்து போய் லோடில் வைத்துப் பாருங்கள். மெஷினுக்கே அது வேண்டும் என்றால், மனுஷிக்கு வேண்டாமா?

கயிறு அசைகிறது என்றால் கீழே ஒருவர் இருக்கிறார். இழுங்கள்!